43 வயதில் மறுபடியும் கர்ப்பம்: முடிவை வெட்கம் எடுக்க வேண்டாம்

அரசு மேல்நிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43, கணவருக்கு 48. ஒரே மகளுக்கு 19 வயது. வெளியூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறாள். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது உண்டான கரு இரண்டரை மாதத்தில் கலைந்துவிட்டது. அதன்பின் ஐந்தாறு வருடம் மருத்துவமனை, விரதம், கோயில் என்று அலைந்து, 'போதும்' என்று இருவருமே ஓய்ந்துபோனார்கள். ஒன்றரை வருடமாக மாதவிலக்கு முன்பின்னாக வருகிறது. 'நிற்கப் போகுது' என்று நினைத்ததால் எந்தத் தடுப்பும் இல்லை. இரண்டு மாதம் தள்ளிப்போய், அசதியும் குமட்டலும் சேர்ந்தபோதுகூடப் பித்தம் என்று கஷாயம் குடித்திருக்கிறார். ஸ்கேன் பார்த்தால் 11 வாரக் கரு.

மாமியார் சொன்னது: "பேத்திக்கு வளைகாப்பு போடுற காலத்துல மருமகளுக்கா?" கணவர் சொன்னது: "உன் இஷ்டம்." மகள் போனில் சொன்னது: "என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி நான் எப்படிம்மா நிக்கிறது?" அதற்குப் பிறகு ஒன்பது நாளாக மகளிடமிருந்து போன் இல்லை. கிராம சுகாதார செவிலியரின் பெண் இவரிடம்தான் படிக்கிறாள் என்பதால், கர்ப்பத்தை இன்னும் எங்கும் பதியவில்லை. ஐந்து வருடமாகச் சாப்பிட்டுவந்த தைராய்டு மாத்திரையை, 'வயித்துப் பிள்ளைக்கு ஆகாது' என்று தானாகவே நிறுத்திவிட்டார். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதுகிறார்: "அன்னைக்கு அழுது அழுது கேட்டேன், குடுக்கல. இன்னைக்குக் கேட்காமலே குடுத்திருக்கு. ஆனா சந்தோஷம் வரமாட்டேங்குது. பஸ்ஸு பள்ளத்துல ஏறி இறங்கினா தானாவே போயிடாதான்னு நினைக்கிறேன். காலையில எந்திரிக்கவே வேண்டாம்னு தோணுது. நான் என்ன பொம்பளை, டாக்டர்?"

அன்புச் சகோதரிக்கு,

அவசரமான மூன்று செய்திகளைக் கடிதம் கிடைத்த அன்றே தனி மடலில் உங்களுக்கு எழுதிவிட்டேன். இதே நிலையில் வேறு யாரேனும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவற்றை இங்கேயும் சொல்கிறேன்.

தைராய்டு மாத்திரையை இன்றே திரும்பத் தொடங்குங்கள். தைராய்டு போதுமா என்று காட்டும் டிஎஸ்ஹெச் அளவை இரத்தத்தில் பார்த்துவிட்டு மருத்துவரிடம் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் அந்த ஹார்மோனின் தேவை கூடும். முதல் மாதங்களில் கருவுக்கு வேண்டியதும் உங்கள் உடம்பிலிருந்துதான் போகிறது. மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதது இல்லை, நிறுத்துவதுதான் ஆகாது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இதை மனநல மருத்துவரான நான் முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும் இரத்தம் குறைந்தாலும் மனம் சோரும், அழுகை வரும், கை கால் இரும்பாய்க் கனக்கும். உங்கள் துயரத்தில் எவ்வளவு மனது, எவ்வளவு உடம்பு என்பதை தைராய்டு, இரத்த அளவு இரண்டின் பரிசோதனை முடிவும் வராமல் யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, கருவைக் கலைக்கத் தோழி சொன்னதாக நீங்கள் எழுதிய கடை மாத்திரை. வேண்டாம். கரு கலைக்கும் மாத்திரை மருத்துவர் கண்காணிப்பில் ஒன்பது வாரம் வரைதான் தரப்படுகிறது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். வீட்டில் தனியாக அதைச் சாப்பிட்டு, இரத்தப்போக்கு நிற்காமல் நள்ளிரவில் தூக்கிவரப்பட்ட பெண்களைப் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, உங்கள் கடிதத்தின் இரண்டு வரிகள். பஸ் பள்ளத்தில் இறங்கினால் போய்விடாதா என்ற எண்ணம், விரும்பாத நேரத்தில் கருவுற்ற எத்தனையோ பெண்களுக்கு வந்துபோவது. அதை என்னிடம் சொன்னவர்களில் பின்னால் பிள்ளையை இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. அதற்காக உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஆனால் 'காலையில எந்திரிக்கவே வேண்டாம்' என்ற வரியில் நின்றுவிட்டேன். அது வெறும் அசதியா, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணமா? இரண்டாவது என்றால் இந்தப் பதிலை மேலே படிப்பதற்கு முன் கணவரிடம் அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி, நிதானமாகப் பேசுவோம்.

சந்தோஷம் வராததற்கு நீங்கள் கெட்டவர் என்று பொருள் இல்லை. உங்களுக்கு ஒரு இழப்பு நேர்ந்திருக்கிறது. அதை யாரும் இழப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. மகள் விடுதிக்குப் போனபின் மாலை நேரம் உங்களுக்கே உங்களுக்கென்று கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டுப்போன முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் விண்ணப்பம் மேசை இழுப்பறையில் இருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பத்தொன்பது வருடம் காத்திருந்து கைக்கு வந்த வாழ்க்கை அது. அதன் கதவு சாத்திக்கொள்ளும்போது துக்கம் வராமல் என்ன வரும்? அதற்கும் கீழே பழைய துக்கம் ஒன்று கிடக்கிறது. இரண்டரை மாதத்தில் போன அந்தக் கருவுக்காக நீங்கள் அழுது முடிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். அதைப் பற்றி எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் மட்டும் உங்கள் கையெழுத்து மாறியிருக்கிறது. 'கடவுள் இப்பவாவது கண்ணைத் திறந்தார்' என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் பொங்குகிறதே, அந்தக் கோபம் நியாயமானது. 36 வயதில் வந்திருந்தால் கொண்டாடியிருப்பீர்கள். அதே வரம் காலம் தப்பி வரும்போது கை நீட்டத் தயங்குகிறது. கர்ப்பம் தரிக்கச் சிகிச்சை எடுத்து 40-க்கு மேல் தாயாகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறேன். ஆசைப்பட்டுப் பெற்றதாலேயே அவர்கள் பயத்தையோ சலிப்பையோ வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவிப்பார்கள்.

ஒரே மனதில் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் சேர்ந்தே இருக்கும். அதில் எது உண்மை என்று உடனே தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஆனால் கடிதத்தை மூன்று முறை படித்தபின் ஒன்று உறுத்தியது. நீங்கள் குழந்தையைப் பற்றி எழுதியிருப்பது அரைப் பக்கம். மீதி எல்லாம் ஸ்டாஃப் ரூம், பக்கத்து வீடு, மாமியார், பிளஸ் டூ மாணவர்களின் சிரிப்பு. உங்களை இப்போது நெருக்குவது முக்கியமாக வெட்கம். 43 வயதில் கணவன் மனைவியாக வாழ்கிறீர்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடப் போகிறதே என்ற வெட்கம். அது உங்கள் குற்றமில்லை, காலம் மாறியதில் வந்தது. நம் பாட்டிமார் காலத்தில் தாயும் மகளும் ஒரே வீட்டில், ஒரே வருடத்தில் பிள்ளை பெற்றதுண்டு. அக்காள் மகனை விடச் சின்ன மாமன் இல்லாத குடும்பம் அன்று குறைவு. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் எழுதி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை என்ற நிலைக்கு வந்தபின், 30-க்கு மேல் பெறுவதே தாமதம் என்றாகிவிட்டது. உங்கள் மாமியாருக்குக் கோபம் வந்தாலும் அவர் கேள்விப்படாத செய்தி இல்லை இது. அவருடைய அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை எத்தனை வயதில் பிறந்தது என்று ஒருநாள் அவரிடமே கேட்டுப்பாருங்கள்.

கர்ப்பத்தைத் தொடர்வதும் தொடராததும் உங்கள் முடிவு. எதுவானாலும் நான் உங்களோடு இருப்பேன். வெட்கத்துக்காகக் கலைத்துவிட்டுப் பின்னால் வருந்துவதும் சரியில்லை. 'ஆசிரியையே இப்படிச் செய்யலாமா' என்ற வெட்கத்துக்காகச் சுமந்துவிட்டு வருந்துவதும் சரியில்லை. அதனால் அந்தக் குரலை மட்டும் தனியே பிரித்து வையுங்கள். பயத்துக்குப் பதில் சொல்ல மருத்துவம் இருக்கிறது. அதை இப்போது பார்ப்போம்.

'இந்த வயசுல குழந்தை நல்லபடியாகப் பிறக்குமா?'

'கண்டிப்பா ஏதாவது குறை இருக்கும்' என்று உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். வயது கூடக் கூட டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு கூடுவது உண்மை. 35 வயதில் ஏறத்தாழ 350-ல் ஒன்று, 40-ல் 100-ல் ஒன்று, 43-ல் சுமார் 50-ல் ஒன்று. அந்தக் கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள்: 50 பேரில் 49 பேருக்கு அது இல்லை. உங்களுக்கு எது என்பதை ஊகிக்க வேண்டியதும் இல்லை. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை கருவின் கழுத்துப் பின்புற நீரளவைப் பார்க்கும் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையும் செய்யலாம். தாயின் இரத்தத்திலிருந்தே கருவின் மரபணுவைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. இன்னும் துல்லியமானது, செலவும் அதிகம். இவை வாய்ப்பைத்தான் சொல்லும். சந்தேகம் வந்தால் உறுதி செய்வது 15 வாரத்துக்கு மேல் செய்யும் பனிக்குட நீர்ப் பரிசோதனை. அதனால் கரு கலையும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. என்.டி. ஸ்கேனுக்கான நாட்கள் போனால் திரும்பி வராது. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் உடம்புக்கு உள்ள ஆபத்துகளில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும்தான் நான் முதலில் கவனிப்பேன். 40-க்கு மேல் இரண்டும் கூடுதலாக வருகின்றன. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையை முதல் வருகையிலேயே செய்துவிடுவார்கள். இரத்த அழுத்தம் ஏறாமலிருக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று மகப்பேறு மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். தேவை என்றால் 16 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. முன்பு ஒருமுறை கலைந்ததால் மறுபடியும் அப்படி ஆகுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். இந்த வயதில் அந்த வாய்ப்பு அதிகம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே கடந்துபோகும். 11 வாரத்தில் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்று உங்கள் ஸ்கேன் அறிக்கை சொல்கிறது.

நீங்கள் அழுவது குழந்தையைப் பாதிக்காது. அழுகையை அடக்கிச் சாப்பாட்டையும் பரிசோதனைகளையும் விட்டு, மாதக்கணக்கில் சோர்வில் கிடந்தால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்.

சட்டம் என்ன சொல்கிறது?

'மூணு மாசம் தாண்டினா சட்டப்படி முடியாது, புருஷன் கையெழுத்து இல்லாம தொடமாட்டாங்க' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் சொல்வது இது: 20 வாரம் வரை, கர்ப்பத்தைத் தொடர்ந்தால் பெண்ணின் உடல்நலமோ மனநலமோ கடுமையாகக் கெடும் என்று பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் கருதினால் போதும். அந்தப் பெண்ணின் வாழ்க்கைச் சூழலையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். கருவில் பெரிய குறைபாடு இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவ வாரியம் அனுமதிக்கலாம். 18 வயது நிரம்பிய, சுயமாக முடிவெடுக்கும் நிலையில் உள்ள பெண்ணுக்கு அவர் சம்மதம் மட்டுமே தேவை. கணவர் கையெழுத்தைச் சில மருத்துவமனைகள் கேட்கின்றன, சட்டம் கேட்கவில்லை. உங்கள் பெயரை வெளியிடுவது குற்றம்.

ஆகவே என்.டி. ஸ்கேன் முடிவையும் டிஎஸ்ஹெச் முடிவையும் பார்த்துவிட்டு யோசிக்க உங்களுக்கு நாள் இருக்கிறது. அதற்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகவும் வேண்டாம். வாரம் கூடக் கூடக் கலைப்பது கடினமாகும், மனதுக்கும்தான். 'பாவமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மருத்துவராக நான் பதில் சொல்ல முடியாது. உங்கள் நம்பிக்கை என்ன சொல்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் தன் முடிவைத் தானே எடுத்த பெண்களைவிட, பிறர் தள்ளியதால் எடுத்தவர்கள்தான் பல வருடம் கழித்தும் என் முன்னால் வந்து அழுகிறார்கள்.

'உன் இஷ்டம்' என்றவரிடம்

இந்தச் சொல் உங்களைக் காயப்படுத்தியது. மனைவியின் உடம்பு, அவள் முடிவு என்று மதித்துச் சொல்லியிருக்கலாம். பயந்து நழுவியும் இருக்கலாம். என் அறைக்கு வரும் ஆண்கள் பலர் இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள். அவரிடம் 'உங்களுக்கு வேணுமா வேண்டாமா' என்று கேட்காதீர்கள், மறுபடியும் அதே பதில்தான் வரும். வேலையைக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் யார் எழுந்திருப்பது? நீங்கள் 60-ல் ஓய்வுபெறும்போது பிள்ளைக்கு 16 வயது, அவருக்கு 65. கல்லூரிக் கட்டணம் எங்கிருந்து வரும்? உங்கள் அம்மாவுக்கு 71 ஆகிறது, முதல் பிரசவத்தில் மூன்று மாதம் தாய்வீட்டில் படுத்ததுபோல் இந்த முறை முடியாது; பத்தியச் சாப்பாடு முதல் துணி துவைப்பது வரை யார்? இதற்கெல்லாம் அவர் என்ன சொல்கிறார், எதில் மௌனமாகிறார் என்பதில் உங்களுக்கு வேண்டிய பதில் பாதி இருக்கும். வயது கடந்த தாய்களுக்குத் தனிமைதான் பெரிய பாரம். உடன் கர்ப்பமானவர்கள் எல்லாம் 25 வயதில் இருப்பார்கள், பார்த்துக்கொள்ள வேண்டிய அம்மாவுக்கே இன்னொருவர் தேவைப்படும்.

வேலை விஷயத்தில் ஒரு நிம்மதி. உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக உள்ள அரசுப் பெண் ஊழியருக்குத் தமிழ்நாட்டில் 2021 ஜூலை 1 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. உங்களுக்கு ஒரு மகள்தான். வயதுக்காக யாரும் மறுக்க முடியாது.

மகளிடம்

போனில் சொல்லியிருக்க வேண்டாம் என்று நீங்களே வருந்துகிறீர்கள். போகட்டும். வருகிற சனிக்கிழமை கிளம்பிப் போய் அவளை வெளியே எங்காவது சாப்பிடக் கூட்டிப்போங்கள். அவள் சொன்னது தோழிகளைப் பற்றி. அதற்கு அடியில் இருப்பது வேறாக இருக்கலாம். 'இனி அம்மா எனக்கு இல்லை', 'இந்தப் பிள்ளையை என் தலையில் கட்டிவிடுவார்கள்', 'பிரசவத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' இந்த மூன்றையும் 19 வயதுப் பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பயம் கோபமாகத்தான் வெளியே வரும்.

அவளிடம் அனுமதி கேட்காதீர்கள், அது அவள் தூக்கக்கூடிய பாரம் இல்லை. புத்திமதியும் வேண்டாம். 'நான் இன்னும் முடிவு பண்ணல. எனக்கும் பயமா இருக்கு. நீ கோபப்பட்டது தப்பில்ல. ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்றேன், எது நடந்தாலும் நீ வளர்க்க வேண்டிய பிள்ளை இல்ல இது' என்று இவ்வளவு சொன்னால் போதும். 'அக்கா பார்த்துக்குவா' என்று வீட்டில் யார் சிரித்துக்கொண்டு சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். பதிலுக்கு அவள் எதுவும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதுவும் நல்ல ஆரம்பம்தான்.

எப்போது என்னிடமோ என்னைப் போன்றவரிடமோ வர வேண்டும்?

தைராய்டும் இரத்தமும் சரியான பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி சோர்வாகவே இருந்தால், படுத்தும் தூக்கம் வராவிட்டால், பிடித்த எதிலும் மனம் ஒட்டாவிட்டால் வாருங்கள். எடின்பரோ அளவுகோல் என்று, மனச்சோர்வைக் கண்டறியும் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் தமிழிலும் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம். பேச்சு சிகிச்சையே பலருக்குப் போதும். தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள மருந்துகள் இருக்கின்றன. தைராய்டு மாத்திரையை நிறுத்தியதுபோல் இவற்றை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது, அவ்வளவுதான்.

தொடர்வதென்று முடிவெடுத்தால் பிக்மி என்ற அரசின் கர்ப்பப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது சிக்கலாகும். செவிலியரிடம் நேரில் பேசி, 'பொண்ணுகிட்டச் சொல்லாதீங்க' என்று கேட்கலாம். வேலைக்கு வந்தால் ரகசியம் காக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். மாணவர்களிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வயிறு தெரியும் முன் ஒருநாள், விடுப்பில் போகப்போகிறேன், உங்கள் பாடத்தை இன்னார் எடுப்பார் என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். பின் பெஞ்சில் சிரிப்பார்கள், இரண்டு நாளில் அடங்கிவிடும். தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இனி இப்படி நேராமலிருக்க ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிலக்கு முன்பின்னாக வரும் வயதிலும் கருமுட்டை வெளிவரும். 50 வயதுக்கு முன் மாதவிலக்கு நின்றால், நின்று இரண்டு ஆண்டுகள் ஆகும்வரை தடுப்பு தேவை.

'என்னை மாதிரி வேறு யாராவது உங்களிடம் வந்திருக்கிறார்களா?' என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு 44 வயது, மூத்த மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது மாதம் வரை முக்காடு போட்டதுபோல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேதான் வந்தார். குழந்தை அசையத் தொடங்கியபின்தான் தனக்குக் கொஞ்சம் பிடித்தது என்றார். பிறந்து ஒரு மாதம் வரை மறுபடியும் பிடிக்கவில்லை என்றார், அதற்கும் சிகிச்சை எடுத்தார். இன்னொருவர் 42 வயதில் வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஆறு மாதம் என்னிடம் வந்து அழுதார், முடிவை மாற்றிக்கொள்ள விரும்பியதாக ஒருமுறையும் சொல்லவில்லை. இருவரையும் நான் மதிக்கிறேன்.

டிஎஸ்ஹெச் முடிவு வந்ததும் எழுதுங்கள். சனிக்கிழமை மகள் என்ன சொன்னாள் என்பதையும்.